எது முதலில் நடந்தது?

சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். வருடத்துக்கு இரண்டு முறையாவது கையிலோ நெற்றியிலோ கட்டு இருக்கும். கேட்டால் பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்பார். தலைவலி, தூக்கமில்லை என்று அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். தெருவின் தீர்ப்பு ஒன்றுதான்: "எந்நேரமும் மாத்திரையப் போட்டுட்டுக் கெடக்குறா. அப்புறம் அவன் அடிக்காம என்ன செய்வான்?"

மாத்திரை முதலில், அடி பிறகு. அந்த வரிசை சரிதானா என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான். பல வருடம் கழித்து, 1970களில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் நடந்த ஒரு ஆய்வைப் படித்தபோதுதான் அந்த அக்கா ஞாபகத்துக்கு வந்தார்.

ஆன் ஃப்ளிட்கிராஃப்ட் அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவி. அவருடைய கணவர் இவான் ஸ்டார்க் சமூகவியலாளர். அடிபட்ட பெண்களைப் பற்றி மருத்துவ உலகம் அதுவரை எழுதியிருந்தது மிகக் கொஞ்சம். எழுதியதும் எப்படி என்பதற்கு 1964இல் ஒரு மனநல மருத்துவ இதழில் வந்த கட்டுரை உதாரணம். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'மனைவியை அடிப்பவனின் மனைவி'. அடித்தது கணவன்; ஆராயப்பட்டது மனைவியின் குணம். அடி அவளுடைய ஏதோவொரு மனத்தேவையை நிறைவேற்றுகிறது என்கிற அளவுக்கு அந்தக் கட்டுரை போகிறது.

ஃப்ளிட்கிராஃப்ட் வேறு வழியில் போனார். ஒரு மாதத்தில் காயத்துடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 481 பெண்களின் மருத்துவக் கோப்புகளை எடுத்தார். அந்த ஒரு நாள் சீட்டை மட்டுமல்ல, அந்த மருத்துவமனையில் அவர்களுக்கு இருந்த பழைய பதிவுகள் முழுவதையும். ஒவ்வொரு காயத்தையும் நான்காகப் பிரித்தார்கள். கணவனோ காதலனோ அடித்ததாகப் பதிவே இருந்தால் அது உறுதி. அடித்ததாக இருக்கிறது, யார் என்று இல்லை, வழிப்பறியும் இல்லை என்றால் பெரும்பாலும் அதுதான். சொன்ன காரணம் காயத்தோடு பொருந்தவில்லை என்றால் சந்தேகம். மற்றதெல்லாம் 'இல்லை'.

நான் மென்பொருள்காரன். இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் லாக்கைத் திறந்து எது எதற்கு முன்னால் நடந்தது என்றுதான் முதலில் பார்ப்போம். ஒற்றை வரியில் ஒன்றும் தெரியாது. எல்லா வரியையும் நேரப்படி அடுக்கினால்தான் கதை தெரியும். இவர்கள் செய்ததும் அதுதான்.

1979இல் ஸ்டார்க், ஃப்ளிட்கிராஃப்ட், வில்லியம் ஃப்ரேசியர் மூவரும் முடிவுகளை வெளியிட்டார்கள். மருத்துவர்கள் அடையாளம் கண்டது 35 பெண்களில் ஒருவரை. கோப்புகளின்படி அது 4இல் ஒருவருக்கு அருகில் இருந்தது. தகவல் எங்கேயோ ஒளிந்திருக்கவில்லை. மருத்துவர்களே கைப்பட எழுதியதுதான். யாரும் சேர்த்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

என்னை நிறுத்தியது அடுத்த விஷயம். குடி, போதை, தற்கொலை முயற்சி எல்லாம் அடிபட்ட பெண்களின் கோப்புகளில் மற்றவர்களைவிட அதிகம். இதை வைத்து 'பிரச்சினைக்குரிய பெண்கள்தான் அடி வாங்குகிறார்கள்' என்று சொல்லிவிடலாம். ஆனால் தேதியைப் பார்த்தால், அடிபட்டதாகப் பதிவான முதல் காயத்துக்கு முன்னால் குடியில் பெரிய வித்தியாசமே இல்லை. ஏற்றம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நடுவில் மருத்துவமனையும் ஒரு பாத்திரம். திரும்பத் திரும்ப வரும் பெண்ணுக்குக் கோப்பில் ஒரு பட்டம் விழும்: ஹிஸ்டீரியா, இல்லாத நோயைச் சொல்பவள். கையில் வலி மாத்திரையோ அமைதிப்படுத்தும் மாத்திரையோ கொடுத்து அனுப்புவார்கள். அடிபட்டவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே. வேலியம் அமெரிக்காவில் உச்சத்தில் இருந்த காலம் அது. 1978இல் மட்டும் சுமார் 230 கோடி மாத்திரைகள் விற்றன. காயத்துக்குக் கட்டுப் போட்டு, மாத்திரை எழுதி, அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அந்த மாத்திரையே அவள்மீது குற்றச்சாட்டாகத் திரும்பியது.

ஆய்வில் குறையில்லாமல் இல்லை. ஒரே மருத்துவமனை. முதல் பதிவு என்பது முதல் அடியும் அல்ல. எத்தனையோ அடிகள் ஆஸ்பத்திரி வாசலுக்கே வருவதில்லை. 1997இல் டீன் கில்பாட்ரிக் குழு 3,006 பெண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து இன்னும் தெளிவான படம் தந்தது. தாக்கப்பட்ட பிறகு குடியும் போதைப்பொருளும் கூடின. அதே சமயம், போதைப்பொருள் பழக்கம் இருந்தவர்கள் மறுபடி தாக்கப்படும் வாய்ப்பும் கூடியது. குடிக்கு அப்படித் தெரியவில்லை. ஆக, போதைப்பொருள் விஷயத்தில் அது நேர்க்கோடு இல்லை, சுழல். தெருவின் தீர்ப்பு சுழலின் ஒரு பாதியை மட்டும் எடுத்து, அதையே முழுக் காரணமாக்கி, பழியையும் அவள் தலையிலேயே போட்டுவிட்டது.

நிறுவனங்கள் மெதுவாக அசைந்தன. 1985இல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் எவரெட் கூப் வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக எடுத்து ஒரு பட்டறையே நடத்தினார். 1992இல் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, இப்படி வருபவர்களை அடையாளம் காண அவசர சிகிச்சைப் பிரிவில் நடைமுறை இருக்க வேண்டும் என்றது. கட்டுரை வந்து 13 வருடம்.

2007இல் ஃப்ரெடரிக் ரிவாராவும் சக ஆய்வாளர்களும் 3,333 பெண்களின் மருத்துவச் செலவைப் பார்த்தார்கள். துணையின் வன்முறையைச் சந்தித்தவர்களுக்கு ஆண்டுச் செலவு 19 சதவீதம் அதிகம். வன்முறை நின்று ஐந்து வருடம் ஆன பிறகும் மருத்துவமனைக்கு வருவது குறைந்துவிடவில்லை. அடி நின்றாலும் உடம்பு கணக்கை மூடுவதில்லை.

அந்த அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அம்மாவிடம் போன வாரம் கேட்டேன். "பாவம், அவளுக்கு மாத்திரைப் பழக்கம்" என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடியேவாம்மா?" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்ல. வந்த புதுசுல நல்லாத்தான் இருந்தா. காலையில கோலம் போட்டுக்கிட்டே பாடுவா."