சொப்பு சாமானும் மாடல் டிராயிங்கும்

கோவைக்காரர்களுக்கு லேத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மரச் சொப்பும் லேத்தின் பிள்ளைதான்; கடைசல் வேலை! அடுப்புப் பானை உருண்டை, குட்டி உலக்கை உருளை, பம்பரம் கூம்பு.

1837-ல் ஜெர்மனியில் மழலையர் பள்ளி தொடங்கிய ஃப்ரோபெலும் மர உருண்டை, உருளை, கனசதுரத்தைத்தான் குழந்தைகளிடம் நீட்டினார். அவற்றோடு வளர்ந்த அமெரிக்கப் பொடியன், பிற்பாடு பெரிய கட்டடக் கலைஞரான ஃபிராங்க் லாயிட் ரைட்.

நம்ம பக்கம்? 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் ஓவியப் பள்ளி ஆரம்பித்தார். டிராயிங் மாஸ்டர் கனவோடு அரசுத் தேர்வுக்கு உட்காரும் பிள்ளைகளுக்கு மாடல் டிராயிங்தான் கண்டம். பானை வாயை வட்டம் என்கும் மனசு. நீள்வட்டம் என்கும் கண். மனசு பேச்சைக் கேட்டால் மார்க் போச்சு!

பரணில் சொப்பு இருந்தால் ஜன்னலோரம் வைத்து வரையச் சொல்லுங்கள். பம்பரத்தை மட்டும் படுக்க வையுங்கள். அதுதாங்க கஷ்டம்.