ரமேஷ் கிருஷ்ணன்: தொடக்க கால ஆட்ட வாழ்வு

ரமேஷ் கிருஷ்ணன் (பிறப்பு: 5 ஜூன் 1961, சென்னை) இந்தியாவின் முன்னாள் தொழில்முறை டென்னிஸ் வீரர். 1979இல் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் ஆகிய இரு போட்டிகளிலும் சிறுவர் ஒற்றையர் பட்டம் வென்று, உலக இளையோர் தரவரிசையில் முதலிடம் பெற்றார். இருபது வயதில் அமெரிக்க ஓபன் காலிறுதி வரை முன்னேறினார்.

குடும்பப் பின்னணி

ரமேஷின் தாத்தா டி. கே. ராமநாதன் தென்காசியைப் பூர்வீகமாகக் கொண்டவர். டென்னிஸ் ஆட்டக்காரரான அவர், தம் மகனும் ரமேஷின் தந்தையுமான ராமநாதன் கிருஷ்ணனுக்குத் தாமே ஆசானாக இருந்தார். அந்த மகன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற முதல் ஆசியரானார். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவர் விம்பிள்டன் ஆடவர் அரையிறுதியில் ஆடினார். முதல் ஆண்டில் நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த ஆண்டில் ராட் லேவரிடமும் தோற்றார். அவ்விருவருமே அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். இரண்டாவது அரையிறுதி நடந்தபோது ரமேஷ் பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஜாக் கிராமர் தம் தொழில்முறைக் குழுவில் சேர அழைத்தும் மறுத்துவிட்ட கிருஷ்ணன், கடைசிவரை அமெச்சூராகவே ஆடினார்.

தாத்தாவிடமும் தந்தையிடமும் ஆட்டம் பயின்ற ரமேஷுக்கு வாய்த்த காலம் வேறு. 1968இல் பெரிய போட்டிகள் தொழில்முறை வீரர்களுக்கும் திறந்துவிடப்பட்டன. 1973 முதல் கணினித் தரவரிசை நடைமுறைக்கு வந்தது. ஆட்டம் முழுநேரத் தொழிலானது. அந்தப் பாதையில் அவருக்கு முன்னே சென்றவர் சென்னையின் விஜய் அமிர்தராஜ். 1973இல் விம்பிள்டன், அமெரிக்க ஓபன் இரண்டிலும் காலிறுதி கண்டவர்.

இளையோர் பட்டங்கள்

1979இல் பாரிஸின் களிமண் தரையில் வென்ற ரமேஷ், சில வாரங்களிலேயே விம்பிள்டன் புல்தரையிலும் வென்றார். பந்து மெதுவாக எழும் தரையிலும் தாழ்ந்து வழுக்கும் தரையிலும் ஒரே பருவத்தில் வெல்வது எளிதன்று. ஆட்டத்தை உடனுக்குடன் மாற்றிக்கொள்ளத் தெரிந்தவருக்கே அது கைகூடும். தந்தை பெற்ற விம்பிள்டன் பட்டம் சரியாக 25 ஆண்டுகளுக்குப் பின் மகனிடம் வந்து சேர்ந்தது.

தொழில்முறை ஆட்டத்தில் முதல் ஆண்டுகள்

இளையோர் பட்டம் பெற்ற பலர் பெரியவர்களின் ஆட்டத்தில் காணாமல் போவதுண்டு. ரமேஷ் நிலைத்தார். 1981 அமெரிக்க ஓபனில் காலிறுதியை எட்டி, அங்கே ஜான் மெக்கன்ரோவைச் சந்தித்தார். முதல் செட்டை டை-பிரேக்கரில் கைப்பற்றினார்; இரண்டாவது செட்டும் டை-பிரேக்கர் வரை சென்றது. அதை மெக்கன்ரோ வென்ற பிறகு ஆட்டம் அவர் பக்கம் திரும்பியது. அவ்வாண்டுப் பட்டமும் அவருக்கே கிடைத்தது.

அதே ஆண்டில் மணிலாவில் ரமேஷ் தமது முதல் தொழில்முறை ஒற்றையர் பட்டத்தை வென்றார். 1982இல் மேற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் களிமண் தரையில் அமெரிக்காவின் சாண்டி மேயரை வீழ்த்தி இரண்டாவது பட்டத்தைப் பெற்றார். 1984இல் பிரான்சின் மெட்ஸ் நகரில் மூன்றாவது பட்டம். 1985 ஜனவரியில் உலகத் தரவரிசையில் 23ஆம் இடத்தைத் தொட்டார். அதுவே அவரது உச்ச நிலை.

ஆட்டமுறை

ரமேஷிடம் வேகமான சர்வீஸ் இல்லை. பந்தை எழும்போதே எடுத்து, எதிராளியின் வேகத்தையே அவருக்கு எதிராகத் திருப்பும் நுட்பம் இருந்தது. பந்தின் போக்கை முன்கூட்டியே கணித்தல், கோணம் பார்த்து ஆடுதல், வலையருகே மென்மையான வாலி, நேரம் பார்த்து இடும் டிராப் ஷாட் ஆகியவை அவருடைய பலம். மர மட்டைகள் போய் கிராஃபைட் மட்டைகள் வந்த ஆண்டுகளில்தான் அவர் வளர்ந்தார். புதிய மட்டைகள் வலுவான அடிக்கு மேலும் வலுச் சேர்த்தன. இலவசப் புள்ளிகள் தராத சர்வீஸுடன் ஒவ்வொரு கேமையும் உழைத்தே வெல்ல வேண்டியிருந்தது. முதல் இருபது இடங்களுக்குள் அவர் நுழையாததற்கு இது முக்கியக் காரணம். இருந்தும் பத்தாண்டுகளுக்கு மேல் அந்த ஆட்டமுறையிலேயே முன்னணி வீரர்களை எதிர்கொண்டார்.

பின்னாளைய சாதனைகள்

1986இல் விம்பிள்டன் காலிறுதியையும், 1987இல் மீண்டும் அமெரிக்க ஓபன் காலிறுதியையும் எட்டினார். 1987 டேவிஸ் கோப்பை அரையிறுதியில், சிட்னி புல்தரையில் வாலி மசூரைத் தோற்கடித்து இந்தியாவை இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அப்போதைய உலக முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரை வென்றார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் லியாண்டர் பயஸுடன் இரட்டையர் காலிறுதி வரை சென்றார். 1993இல் ஓய்வுபெற்றபோது அவரிடம் எட்டு ஒற்றையர் பட்டங்கள் இருந்தன. 1998இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மதிப்பீடு

இளையோர் ஆட்டத்தில் பெற்ற பெயரைப் பெரியவர்களின் களத்திலும் காப்பாற்றிய இந்தியர் மிகச் சிலர். அவர்களுள் ரமேஷ் முன்வரிசையில் நிற்பவர். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் காலிறுதியில் கடைசியாக ஆடிய இந்திய ஆடவர் இன்றுவரை அவரே.