காரமடைக்கு மேற்கே ஒரு மலைப்பாதை

காரமடையிலிருந்து மேற்கே புறப்பட்டு, வெள்ளியங்காட்டைக் கடந்து, முள்ளி, கெத்தை என்று வளைந்து ஏறி நீலகிரியின் மஞ்சூரைச் சேரும் மலைப்பாதைக்கு, உதகைக்குப் போகும் மேட்டுப்பாளையம் சாலையின் பிரசித்தி இல்லை. ஆயினும், சாம்ராஜ்யம், பாதுகாப்பு, அபிவிருத்தி என்று ராஜதந்திரிகள் தனித்தனியே எடுத்துப் பேசும் மூன்றும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நம் நாட்டுப்புறத்துக்குள் எவ்விதம் நுழைந்தன என்பதை ஆராய விரும்புகிறவர், இந்தப் பாதையிலிருந்தே தொடங்கலாம்.

மைசூர்ப் பீடபூமியிலிருந்து கஜலஹட்டிக் கணவாய் வழியே இறங்கும் சேனைகளுக்குப் பவானிக்கரைச் சமவெளி வாசலாக இருந்தபடியால், ஹைதர், திப்பு காலத்துப் போர்களில் இப்பிரதேசம் பலமுறை மிதிபட்டது. 1790-இல் சத்தியமங்கலத்தருகே திப்புவின் படையும் கிழக்கிந்தியக் கும்பினியின் தளபதி ஃப்ளாய்டின் படையும் மோதின. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் கோயமுத்தூர்ச் சீமை கும்பினியின் வசமாயிற்று. அடுத்த ஆண்டே, புதிதாகக் கிடைத்த நாட்டில் என்ன விளைகிறது, எவர் நெய்கிறார், எங்கே நீர் பாய்கிறது என்பதையெல்லாம் கண்டு எழுதும்படி கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் இச்சீமையிலும் சுற்றினார். அதே 1800-இல்தான் பாளையக்காரர்கள் கோயமுத்தூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் தூக்குமேடை ஏறினார்கள். பயிர்க்கணக்கும் தூக்குக்கயிறும் ஒரே ஆண்டில் வந்ததைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. ஆளப் புகுந்தவனுக்கு இரண்டும் ஒரே காரியத்தின் பகுதிகள்.

பின்னர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். 1820-களில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு வழி வெட்டுவித்தார். 1873-இல் ரயில் காரமடையைத் தாண்டி மேட்டுப்பாளையத்தை எட்டியது. மேலே வெல்லிங்டனில் பட்டாளத்துக்குப் பாசறையும், உதகையில் சென்னை சர்க்காருக்குக் கோடைக்கால ஸ்தானமும் அமைந்தன. இவற்றை விரித்துரைத்த நூல்கள் பல உண்டாதலின் இங்கே நிற்க வேண்டியதில்லை.

நாம் நின்று கவனிக்க வேண்டிய கட்டம் சுதந்திரத்துக்குப் பிற்பட்டது. 1949 அக்டோபரில் சீனத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி பிறந்தது. மூன்று மாதங்கள் கழித்து, 1950 ஜனவரியில், காமன்வெல்த் நாடுகளின் வெளிவிவகார மந்திரிகள் கொழும்பில் கூடினார்கள். ஆசியாவின் வறுமை நீங்காவிடில் சீனம் சென்ற வழியே ஏனைய தேசங்களும் செல்லும் என்ற அச்சம் அவர்களிடையே வெளிப்படையாகவே இருந்தது. அங்கே முளைத்துப் பிறகு உருப்பெற்ற கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடா தேசம் இந்த மலைப்பாதையை ஒட்டிய குந்தா நீர்மின் திட்டத்துக்கு இயந்திர சாதனங்களையும் நிபுணர்களையும் அளித்து உதவியது. குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று படிப்படியாகக் கீழிறங்கும் மின்நிலையங்கள், மேலே சுழலியைச் சுழற்றிய அதே நீரைக் கீழேயும் வேலை வாங்கும் அற்புதமான ஏற்பாடு. இருளர்கள் வாழும் வனத்தினூடே எழுந்த பில்லூர் அணை அந்த வரிசையின் கீழ்ப்படி.

அந்த மின்சாரத்தால் கொங்கு நாடு அடைந்த பயன் சாமானியமானதன்று. ஏற்றத்துக்கும் கவலைக்கும் எட்டாத ஆழத்துக் கிணற்று நீரை மோட்டார் இறைத்துத் தந்தது. பைக்காரா மின்சாரம் 1930-களில் வளர்த்த ஆலைத்தொழில் மேலும் தழைத்தது. நன்றி மறப்பது நன்றன்று. ஆனால், கொடுத்தவனின் அச்சத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அதே கொழும்புத் திட்டத்தில் கனடா டிராம்பேக்கு அளித்த அணு உலையிலிருந்து கிடைத்த புளூட்டோனியம் 1974-இல் பொக்ரானில் வெடித்தபோது, அத்தேசம் தன் அணு உதவியை நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பை உத்தேசித்து நீளும் கரம் பாதுகாப்பை உத்தேசித்தே பின்வாங்கும்.

இதற்கு நேர்மாறாக, எந்த வல்லரசின் அச்சமும் துணை நில்லாத ஒரு கோரிக்கையின் கதையையும் சொல்ல வேண்டும். பில்லூரை அடுத்த அத்திக்கடவிலிருந்து பவானியின் நீரைத் திருப்பி, அவினாசி வரையிலுள்ள வறண்ட ஏரி குளங்களை நிரப்ப வேண்டுமென்று இச்சீமைக் குடியானவர்கள் காமராஜர் காலந்தொட்டே கேட்டுவந்தார்கள். தேர்தல்தோறும் வாக்குறுதி கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. இதற்கிடையில் பில்லூர் நீர் குழாய் வழியே கோயமுத்தூர் நகரத்தின் தாகத்தைத் தீர்க்கச் சென்றது; அதுவும் நியாயமான தேவையே. ஆயினும், வெளிவிவகார மந்திரிகள் கொழும்பில் கூடிப் பேசிய பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் இம்மலையில் சுரங்கங்களும் அணைகளும் எழுந்திருக்க, உழவன் கேட்ட நீருக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனதை எண்ணும்போது மனம் நோகிறது. திட்டம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அத்திக்கடவு பெயரில் நிலைத்திருக்கிறது. நீரோ ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே, பவானியில் மிகுந்துவரும் உபரியிலிருந்து, 1.5 டி.எம்.சி. அளவுக்கு, 1,045 ஏரி குளங்களுக்கென மின்மோட்டார்களால் மேடேற்றப்படுகிறது.