எழும்பூருக்கு வந்த விசில் பெட்டி

திருப்பரங்குன்றத்தில் நாதஸ்வரக் கச்சேரி கேட்டவர்கள் ஒத்து ஊதுபவரை மறந்திருக்க மாட்டார்கள். ஒரே சுருதியை விடாமல் பிடித்து நிற்பது அவர் வேலை. அந்த மூச்சைத் துருத்திக் காற்றிடம் ஒப்படைத்து, சுரத்துக்கு ஒன்றாக வரிசை வரிசையாகக் குழல்களை நிறுத்தி வைத்தால் அது பைப் ஆர்கன். கட்டையை அழுத்தினால் அடைப்பு திறந்து காற்று ஏறும். விரலை எடுக்கும்வரை ஓசை தேயாது.

சென்னை எழும்பூரில், செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் உள்ள ஆர்கன் 1883இல் வந்தது. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து பீட்டர் கொனாக்கர் நிறுவனத்தின் கைவேலை. ஆலயமோ 1821இலேயே திறக்கப்பட்டுவிட்டது. அதைக் கட்டிய தாமஸ் டி ஹாவிலாண்ட், இளகிய மண்ணில் கிணறுகள் இறக்கி அஸ்திவாரம் போட்டு, 16 தூண்களின் மேல் வட்ட மாடத்தை ஏற்றினார். கட்டடத்துக்கும் இந்த ஆர்கனுக்கும் நடுவே 62 ஆண்டுகள்.

அந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். கிர்க்கைக் கட்டியது ஸ்காட்லாந்துச் சபையாருக்காக. அவர்களுடைய ஆராதனையில் சங்கீதங்களை வாயால் பாடுவதுதான் முறை. ஆர்கனை 'விசில் பெட்டி' என்று இகழ்ந்தார்கள். 1807இல் கிளாஸ்கோவில், இதே செயின்ட் ஆண்ட்ரூ பெயர் கொண்ட ஆலயத்தில், வில்லியம் ரிச்சி என்ற போதகர் ஆராதனையில் ஆர்கன் வாசிக்கச் செய்தார். சபை மன்றம் உடனே தடுத்துவிட்டது. எடின்பரோவின் கிரேஃப்ரையர்ஸ் ஆலயத்தில் ராபர்ட் லீ 1863இல் ஹார்மோனியத்தையும் 1865இல் ஆர்கனையும் துணிந்து கொண்டுவந்த பிறகுதான் இறுக்கம் தளர்ந்தது. எழும்பூர் ஆர்கன் அந்தத் தளர்ச்சிக்குப் பின் கப்பலேறியது.

ஸ்காட்லாந்தில் வாத்தியம் கூடுமா கூடாதா என்று சண்டை நடந்த அதே காலத்தில், மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், கீர்த்தனைக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரிடம் பாடம் கேட்டு, 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். ராகமும் தாளமும் சபைக்குள் வந்தன. தமிழ்க் கிறிஸ்தவ இசைக்கு அதுவே பெரிய திருப்பம். ஆனாலும் அந்த வரலாற்றில் ஆர்கனுக்கும் ஓர் இடம் உண்டு.

மரம், தோல், ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகம்: இவைதான் ஆர்கனின் உடம்பு. நம் ஊர் வெயிலில் தோல் வெடிக்கும், மழைக்காற்றில் மரம் உப்பும். ஒரு குழல் போனால் ஒரு சுரம் போகும். பழைய ஆர்கன் வாய் மூடிக் கிடக்கும் சபைகள், பழுது பார்க்க ஆள் கிடைக்கும்வரை, அதன் ஒரு குழலைக்கூடப் பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.