ருஸ் இசை: பள்ளி முடிக்கும் பிள்ளைகள் விலைக்கு வாங்கும் பாட்டு

எஸ்பிஎம் முடிந்ததும் நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துப் பிள்ளைகள் மண்டபம் பிடித்தோ நண்பன் வீட்டு முற்றத்திலோ ஒலிபெருக்கி வைத்து ஆடுவதுண்டு. போடுவதெல்லாம் ஏற்கெனவே வந்த சினிமாப் பாட்டும் உள்ளூர் ராப்பும்தான். நார்வே நாட்டில் கதை வேறு. அங்கே பள்ளி முடிக்கும் மாணவர்கள் தங்கள் குழுவுக்கென்றே ஒரு பாட்டைக் காசு கொடுத்துச் செய்து வாங்குகிறார்கள். அதுதான் ருஸ் இசை.

மேல்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டு மாணவர்களை அங்கே 'ருஸ்' என்பார்கள். 1905இல் சிவப்புத் தொப்பி வழக்கம் வந்தது. 1916இல் வணிகம் படித்தவர்கள் நீலத்துக்கு மாறினார்கள். இப்போது கால்சட்டையும் அதே நிறம். ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கும் கொண்டாட்டம், அரசியலமைப்பு நாளான மே 17இல் ஊர்வலத்தோடு முடியும். நெடுங்காலமாகத் தேர்வுகள் பலவும் இதற்குப் பிறகுதான்! நம் வீட்டுப் பெரியவர்கள் இதற்குச் சம்மதிப்பார்களா?

ஓஸ்லோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு பேருந்தை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, உள்ளே விளக்கும் பெரிய ஒலிபெருக்கிகளும் பொருத்துவார்கள். ஒவ்வொரு பேருந்துக்கும் ஒரு பெயர், ஒரு சின்னம், ஒரு பாட்டு. பேருந்தின் பெயர் பாட்டிலேயே திரும்பத் திரும்ப வரும். மெட்டு எளிது. தாளம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். மறுநொடி கனத்த அடி விழும், கூட்டம் குதிக்கும். நம் உறுமி மேளம் உச்சத்துக்குப் போவதை நினைத்தால் விளங்கும். இங்கே உறுமியின் வேலையைக் கணினி செய்கிறது.

இதில் பெயர் வாங்கியவர் டிக்ஸ் என்னும் ஆண்ட்ரியாஸ் ஹௌகெலாந்த். டூரெட் நோயால் உடல் தானாக வெட்டி இழுப்பதைச் சொல்லிச் சிறுவயதில் மற்றவர்கள் செய்த கேலியையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டார். ருஸ் பாட்டுகள் செய்து வளர்ந்தவர், 2021இல் ரோட்டர்டாமில் நடந்த யூரோவிஷன் போட்டியில் நார்வேக்காகப் பாடி 18ஆம் இடம் பெற்றார்.

குறை சொல்வோரும் அங்கே நிறைய. குடியைப் புகழ்வதும் பெண்களை இழிவாகப் பேசுவதும் இந்தப் பாட்டுகளில் சகஜம். பாடுவதோ பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள், பெண் பிள்ளைகளும் சேர்த்து. அடுத்தது பணம். பெயர்பெற்ற ஒருவரிடம் பாட்டு வாங்க ஒரு லட்சம் குரோனருக்கு மேலும் கொடுத்திருக்கிறார்கள். நம் காசில் ஏறக்குறைய நாற்பதாயிரம் ரிங்கிட். பேருந்துச் செலவு தனி. அதற்காக இரண்டு மூன்று ஆண்டுக்கு முன்பே குழு சேர்ந்து பணம் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதும் அப்போதே முடிவாகிவிடும். வெளியே நிற்கும் பிள்ளைக்கு அந்த ஆண்டுகள் சுலபமல்ல. இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் இதே பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

பேருந்தில் இடம் கிடைக்காதவர்களும் சிவப்புக் கால்சட்டை போட்டுக்கொள்ளலாம், மே 17 ஊர்வலத்தில் நடக்கலாம். அதற்கு யாருடைய அழைப்பும் வேண்டாம்.