வெல்ச்சின் இரு சாட்சியங்கள்: கார்லைல் அணியின் 1912ஆம் ஆண்டுப் பருவம்

1912 நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயிண்டில் கார்லைல் பழங்குடித் தொழிற்பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி, அமெரிக்க ராணுவக் கல்லூரி அணியை 27–6 என்ற கணக்கில் வென்றது. இந்த ஆட்டத்தை, லகோட்டா மக்கள்மீது ராணுவம் நடத்திய உண்டட் நீ படுகொலைக்கான பழிதீர்ப்பாக வாசிப்பது ஆய்வுலகில் ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. அந்த வாசிப்புக்கு அடிப்படை ஒரு நினைவுக்கூற்று. ஆட்டத்துக்கு முன் பயிற்றுநர் ‘பாப்’ வார்னர், எதிரணியினரின் தந்தையரும் பாட்டன்மாரும்தான் பழங்குடியினரோடு போரிட்டவர்கள் என்று நினைவூட்டினார் என்றும், வீரர்களைக் கிளர்த்த அதுவே போதுமானதாக இருந்தது என்றும் அணியின் குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். அன்றைய பருவத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இந்தக் கூற்றை மையமாக்கி, மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்குகின்றன.

அதே வெல்ச் 1914இல் வேறொரு சாட்சியமும் அளித்தார். நாடாளுமன்றக் கூட்டுக் குழு கார்லைல் பள்ளியை விசாரித்தபோது பதிவான வாக்குமூலம் அது. ஆய்வாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஆனால் பள்ளியின் வீழ்ச்சியை விளக்க மட்டுமே அதைப் பயன்படுத்தி, 1912இன் வெற்றிக் கதைக்குள் அதை நுழையவிடாமல் வைத்திருக்கிறார்கள். ஒரே மனிதரின் இரண்டு சொற்களில், நிகழ்வுக்கு அருகில் நின்று சொன்னதைவிட வெகு காலம் கழித்துச் சொன்னதற்கு ஏன் கூடுதல் எடை?

முதலில் நினைவுக்கூற்றையே பார்க்கலாம். வார்னர் அப்படிப் பேசியிருக்கவே முடியாது என்று சொல்ல ஆதாரமில்லை. பேசியிருப்பார் என்றே இக்கட்டுரையும் கருதுகிறது. கேள்வி, அந்தப் பேச்சு வெற்றிக்கு விளக்கமாகுமா என்பது. கார்லைல் ராணுவக் கல்லூரியைச் சந்தித்தது அன்று முதன்முறையல்ல. 1905இலேயே வெஸ்ட் பாயிண்டில் 6–5 என்று வென்றிருந்தது. உண்டட் நீ நடந்தது 1890இல். 1905 அதற்கு இன்னும் நெருக்கமான ஆண்டு. பழிதீர்ப்புதான் உந்துவிசை என்றால் அந்த ஆட்டமே பெரிதாகப் பேசப்பட்டிருக்க வேண்டும். அது இன்று அடிக்குறிப்பில்கூட அரிதாகத்தான் வருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார்லைல் வீரர்களில் ஜிம் தார்ப் ஓக்லஹோமாவின் சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தவர். வெல்ச்சும் ஜோ கையனும் ஓஜிப்வே. பீட் கேலக் கலிபோர்னியாவிலிருந்து வந்தவர். உண்டட் நீயில் வீழ்ந்தவர்கள் லகோட்டா மக்கள். ஒவ்வோர் இனத்துக்கும் ராணுவத்தோடு வேறு வேறு வரலாறு உண்டு; அவற்றை ஒரே போராக உருட்டித் திரட்டியது வீரர்களின் நினைவு என்பதைவிட, வெள்ளைப் பத்திரிகைகளின் பழக்கம் என்பதே பொருத்தம். கார்லைல் எங்கு ஆடினாலும் போர்க்கோலம், மண்டைத்தோல் என்றுதான் விளையாட்டுப் பக்கங்கள் எழுதின. நுழைவுச்சீட்டு விற்க அது உதவியது. வார்னர் உடைமாற்றும் அறையில் சொன்னதாகக் கூறப்படுவது அதே பத்திரிகைச் சட்டகத்தைத்தான்.

ராணுவம் இந்த மாணவர்களுக்குத் தூரத்து எதிரியும் அல்ல. அவர்களின் பள்ளி, ராணுவ அதிகாரி ரிச்சர்ட் ஹென்றி பிராட் 1879இல் ஒரு பழைய படைமுகாமில் தொடங்கியது. முடி வெட்டப்பட்டு, சீருடை அணிந்து, அணிவகுத்து நடந்து, தாய்மொழி பேசத் தடையோடு அவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். வெஸ்ட் பாயிண்ட் மைதானத்தில் ஒரு பிற்பகலில் எதிர்கொண்டதைவிட நெருக்கமாக ராணுவ ஒழுங்கை அவர்கள் தினந்தோறும் எதிர்கொண்டார்கள்.

ஆட்டத்தில் என்ன நடந்தது என்பதும் பழிவாங்கும் கதையோடு முழுமையாக ஒட்டவில்லை. அந்தக் கதைக்கு ஒரு தனி நாயகன் வேண்டும். ஸ்டாக்ஹோமில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்று திரும்பிய தார்ப் அதற்கு வசதியாகக் கிடைத்தார். அவருடைய நீண்ட ஓட்டம் ஒன்று விதிமீறலால் செல்லாததானதும், அடுத்த பந்தையே மீண்டும் முழு மைதானமும் கடந்து கொண்டுசென்றார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. ஆனால் கார்லைலின் நான்கு டச்டவுன்களில் மூன்றை எடுத்தவர் அலெக்ஸ் ஆர்காசா. நான்காவது ஜோ பெர்ஜியுடையது. தார்ப் அன்று அபாரமாக ஓடினார், ஐயமில்லை. அவர்மீது எல்லோர் கண்ணும் இருந்ததே ஆர்காசாவுக்கு வழி திறந்தது. ராணுவ அணியில் ஆடிய ஐசனோவரின் முழங்காலைத் தார்ப் உடைத்தார் என்பதும் இதே வகைக் கதை. அந்தக் காயம் அடுத்த வாரம் டஃப்ட்ஸ் கல்லூரியுடனான ஆட்டத்தில் ஏற்பட்டது.

வெற்றியின் காரணத்தைத் தேடுபவர் விதிப்புத்தகத்தைத் திறந்திருக்கலாம். 1912இல்தான் பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகள் அனுமதிக்கப்பட்டன. டச்டவுன் 6 புள்ளிகளாயிற்று. மைதானம் 100 யார்டாகச் சுருங்கியது. முன்னோக்கி எறியும் பந்தின் தூரத்துக்கு இருந்த 20 யார்டு வரம்பு நீங்கியது. உடல் எடையில் குறைந்த, வேகமான அணிக்கு இவை அனைத்தும் சாதகம். ஓட்டக்காரர்களை வரிசையின் ஓரங்களுக்கு நகர்த்தி, பந்து எங்கே போகிறது என்று தெரியாமல் எதிரணியைத் திணறடித்த வார்னரின் அமைப்பு இந்த விதிகளுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. களத்தில் அதை அழைத்து நடத்தியவர் வெல்ச். மூன்றாம் கால்பகுதியில் கையனைத் தாக்கியதற்காக ராணுவ அணித்தலைவர் டெவோர் வெளியேற்றப்பட்டார். பொறுமை இழந்தவர்கள் எந்தப் பக்கத்தார் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இப்போது 1914க்கு வருவோம். விசாரணைக்கு முன் 200க்கும் மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்திட்ட மனு ஒன்று அரசுக்குப் போயிற்று. அதைத் திரட்டியதில் வெல்ச் முன்னின்றார். குழுவின் முன் அவர் வார்னரைப் பற்றிச் சொன்னவை கடுமையானவை: வீரர்களை வசைமொழியில் ஏசியது, விடுதிக் கூடங்களில் ஆட்டத்துக்கான சீட்டுகளை விற்றது, பந்தயத்தில் ஈடுபட்டது. பயிற்றுநராக அவருடைய திறமையை வெல்ச் மறுக்கவில்லை. நெறி இல்லாதவர் என்றார். ஆட்டங்களில் ஈட்டிய பணம் அரசுக் கணக்கில் சேராமல், தனியாக ஒரு விளையாட்டுச் சங்கத்திடம் இருந்தது. பத்திரிகையாளர் சிலருக்கும் அதிலிருந்து பணம் போனது கணக்கேடுகளில் வெளிப்பட்டது.

இந்த வாக்குமூலத்தோடு 1912இன் ஆட்ட அட்டவணையைச் சேர்த்து வாசித்தால் அந்தப் பருவமே வேறு முகம் காட்டுகிறது. பதினான்கு ஆட்டங்கள், அக்டோபர் முதல் எல்லாமே வெளியூர். அக்டோபர் 26, சனிக்கிழமை, வாஷிங்டனில் ஜார்ஜ்டவுனுடன். 28, திங்கட்கிழமை, கனடாவின் டொரண்டோவில். அதையடுத்த சனிக்கிழமை லீஹை. பிறகு வெஸ்ட் பாயிண்ட். அதற்கு ஒரு வாரம் கழித்துப் பென்சில்வேனியாவிடம் 34–26 என்று தோல்வி, பருவத்தின் ஒரே தோல்வி. பழிதீர்ப்பு வாசிப்பில் இந்தத் தோல்வி ‘ராணுவத்தை வென்ற களிப்பின் பின்விளைவு’ ஆகிறது. களைப்பு என்ற எளிய விளக்கம் கைவசம் இருக்கையில் இத்தனை உளவியல் தேவையில்லை. இந்த மாணவர்கள் கூலியற்ற உழைப்பாளிகளாக ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களின் ஆட்டத்தைக் கொண்டாடும் எந்த வரலாறும் இதைச் சொல்லிவிட்டுத்தான் கொண்டாட வேண்டும்.

விசாரணை பள்ளித் தலைவர் ஃப்ரீட்மேனை நீக்கும் நோக்கத்தோடு நடந்தது, ஆகவே சாட்சியங்கள் தூண்டிப் பெறப்பட்டவை என்ற மறுப்பு உண்டு. நோக்கம் இருந்திருக்கலாம். கணக்கேடுகளை யாரும் தூண்டவில்லை. வீரர்கள் ஆட்டத்தை நேசித்தார்கள் என்ற மறுப்புக்கு விடை சொல்லவும் வேண்டியதில்லை. நேசித்து ஆடுபவரையும் சுரண்ட முடியும்.

சற்றுக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பழங்குடியினர் தாங்களே தங்கள் வெற்றிக்குக் கொடுத்த பொருளை, வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் எப்படித் தள்ளலாம்? வெல்ச் முதுமையில் அந்த ஆட்டத்தை முன்னோரின் போரோடு இணைத்தார் என்றால் அந்த இணைப்புக்கு மதிப்புண்டு. கார்லைலுக்குப் பின் அவர்கள் வாழ்ந்த வாழ்வில் அந்த ஆட்டம் என்னவாக வளர்ந்தது என்பதற்கு அது அரிய சான்று. 1912 நவம்பரில் அவர்களை எது இயக்கியது என்பதற்கு அதைச் சான்றாக்குவதுதான் தவறு. மேலும், மதிப்பதென்றால் இரண்டு வெல்ச்சையும் மதிக்க வேண்டும். தன் பயிற்றுநருக்கு எதிராக அரசுக் குழுவின் முன் பேசிய இளைஞரின் துணிவு, வெற்றியை நினைவுகூரும் முதியவரின் பெருமிதத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

ஃப்ரீட்மேன் பதவி இழந்தார். வார்னர் 1914 பருவத்தை முடித்துவிட்டுப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவருடைய புகழ் குலையவில்லை. பள்ளி 1918இல் மூடப்பட்டு, கட்டடங்கள் மீண்டும் ராணுவத்தின் கைக்கே போயின. 1912ஐ இனி எழுதுபவர்கள், வெல்ச்சின் 1914 வாக்குமூலத்தைக் கடைசி அத்தியாயத்திலிருந்து எடுத்து முதல் அத்தியாயத்தில் வைக்க வேண்டும்.