பத்திரத்தில் பதிந்த ரேகை

வங்காளத்தின் ஜங்கிப்பூரில் 1858 ஜூலையில், சாலைப் பணிக்கான பொருள்களைத் தருவதாக ஒப்பந்தம் எழுதிய ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஆங்கில அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் உள்ளங்கைப் பதிவையும் வாங்கிக்கொண்டார். ரேகை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற உறுதி அப்போது அவருக்கு இருக்கவில்லை. எழுதியவர் பின்னர் கையெழுத்தை மறுத்துவிடாதபடி மிரட்டி வைப்பதே நோக்கமாக இருந்தது. அதன்பின் சுமார் இருபது ஆண்டுகள் பதிவுகளைச் சேர்த்து ஒப்பிட்டு, ரேகை காலத்தால் மாறுவதில்லை என்று தெளிந்த பிறகே, 1877-இல் ஹூக்ளி மாவட்டத்தில் அதை அரசு நடைமுறையாக்கினார்.

அவர் தடுக்க முயன்றது ஆள்மாறாட்டத்தை, அதாவது ஒருவர் மற்றொருவராக நடித்து அவருக்குரியதைக் கவர்வதை. இறந்த ஓய்வூதியரின் பெயரில் வேறொருவர் பணம் பெறுவதும், பத்திரம் எழுதிக் கொடுத்தவர் பிறகு அதை மறுப்பதும், தண்டனை பெற்றவருக்குப் பதிலாகக் கூலிக்கு ஒருவர் சிறை செல்வதும் அக்கால நிர்வாகத்தை அலைக்கழித்த ஏமாற்றுகள். மாகாணம் முழுவதற்கும் இம்முறையை விரிவாக்கலாம் என்ற அவரது யோசனையை மேலிடம் ஏற்கவில்லை. பின்னர் 1897-இல் கல்கத்தாவில் காவல்துறையின் கைரேகைப் பிரிவு அமைந்தபோது, ரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறைக்குப் பெரிதும் உழைத்தவர்கள் அஜீசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்கள். அம்முறைக்கு நிலைத்த பெயரோ அவர்களது மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. சாட்சியச் சட்டம் 1899-இல் திருத்தப்பட்டு ரேகை நீதிமன்றச் சான்றானது; பத்திரத்தில் ஒளிப்படத்தோடு விரல்ரேகையும் இடம்பெற வேண்டும் என்று பதிவுச் சட்டத்தின் 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது.

இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் ரேகை ஓர் அலுவலரின் கண்முன் இடப்பட்டது என்பதே அதன் வலிமை. ஆதார் எண் வழங்கல் 2010-இல் தொடங்கி, அதைச் சார்ந்த பணப் பரிமாற்ற முறையும் வந்தபோது இந்நிலை மாறியது. வங்கிக் கிளை இல்லாத ஊர்களில், முகவர் வைத்திருக்கும் சிறு கருவியில் விரல் வைத்துப் பணம் பெற உதவும் இம்முறைக்கு அட்டையோ, ரகசிய எண்ணோ, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லோ தேவையில்லை. ஆதார் எண்ணும், வங்கியின் பெயரும், ரேகையும் போதும். எளியோருக்குப் பெரும் உதவியான இந்த ஏற்பாட்டில் அதுவரை சாட்சியாக நின்ற ரேகை, கணக்கைத் திறக்கும் சாவியாகிவிட்டது.

பதிவுத்துறை இணையதளங்களில் கிடைத்த பத்திர நகல்களிலிருந்து ரேகையையும் ஆதார் எண்ணையும் எடுத்து, சிலிக்கான் போன்ற பொருளில் போலி விரல் வார்த்து, உரியவர் அறியாமலே பணம் எடுத்த மோசடிகள் பின்னர் வெளிப்பட்டன. கர்நாடகத்தில் 2023-இல் இவ்வகை வழக்குகள் காவல்துறையின் விசாரணைக்கு வந்தன. ஏமாற்றைத் தடுக்கப் பத்திரத்தில் சேர்க்கப்பட்ட அடையாளமே ஏமாற்றுக்கு மூலப்பொருளானதற்குப் பத்திரம் எழுதிய குடிமக்களைக் குறை கூறுவதில் நியாயமில்லை. ஆவணங்களை ரேகை மறைக்காமல் பொதுவில் வைத்த துறைகளின் கவனக்குறைவே அதற்குக் காரணம். கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற இயலாது.

போலி விரலைக் கண்டறியும் தொழில்நுட்பத்தை ஆதார் ஆணையம் 2023-இல் வலுப்படுத்தியது. அதன் இணையதளத்திலோ எம்ஆதார் செயலியிலோ ரேகையைக் கட்டணமின்றிப் பூட்டிவைத்து, தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளும் வசதியும் உள்ளது. கணக்கிலிருந்து பணம் பறிபோனதாகத் தெரிந்தால் வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.